ஒன்பதாவது வந்துட்டா பந்தை வெச்சிடணுமா?

பர்மாவுக்குக் கால்பந்து வந்தது ஒரு பள்ளிக்கூடம் வழியாகத்தான். 1870களின் கடைசியில், பத்திரிகை நிருபராக இந்தப் பக்கம் வந்து, ரங்கூன் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் வாத்தியாராகச் சேர்ந்தவர் ஜார்ஜ் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பேர்தான் கல்லூரி, நடந்தது பள்ளிக்கூடம். அங்கே படித்த பசங்களுக்கு அவர்தான் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். பின்னாடி, 1882ல், ஷ்வே யோ என்ற புனைபெயரில் பர்மியர் வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதினாரே, அதே ஸ்காட்தான்.

ஒரு பள்ளி மைதானத்தில் ஆரம்பித்தது எங்கே போய் நின்றது பாருங்கள். 1961க்கும் 1970க்கும் நடுவில் ஆசிய இளைஞர் கால்பந்துக் கோப்பையை பர்மா ஏழு தடவை வாங்கியது. அதில் சில தடவை வேறு நாட்டோடு பகிர்ந்துகொண்டது. 1966லும் 1970லும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். 1972ல் ம்யூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது. இளைஞர் கோப்பை ஆடுகிறவர்கள் யார்? நேற்று வரைக்கும் பள்ளிக்கூட மணி அடித்ததும் மைதானத்துக்கு ஓடிய பசங்கள்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லிவிடாதீர்கள். 2014ல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் ஆசியப் போட்டி மியன்மாரில் நடந்தது. நம்ம பசங்கள் அரையிறுதி வரை போய், 2015ல் நியூசிலாந்தில் நடந்த இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அந்த வாரம் எங்கள் லான்மடாவ் டீக்கடைகளில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

இந்த மாசம் ஏன் விளையாட்டுப் பேச்சு என்று கேட்கிறீர்களா? கொஞ்ச நாளாக எனக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. லண்டனிலிருந்து ஒரு அம்மா, டொராண்டோவிலிருந்து ஒரு அப்பா, மெல்பர்னிலிருந்து இன்னொருத்தர். ஊர்தான் வேறே. "பிள்ளை ஒன்பதாவது வந்தாச்சு. இனி விளையாட்டை நிறுத்திட்டு படிப்பைப் பார்க்கச் சொல்லலாமா?" ஸ்விம்மிங், கிரிக்கெட், மிருதங்கம், டிபேட், செஸ் என்று ஆட்டத்தின் பேர் மட்டும் மாறுகிறது.

இதே கேள்வி எங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்ததால் பதில் எழுதத் தள்ளிப்போட்டேன். இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

முதலில் நான் இருக்கிற இடத்தைச் சொல்கிறேன். லான்மடாவில் மியோமா ச்சௌங் தெரு என்று ஒரு தெரு. 'ச்சௌங்' என்றால் பள்ளிக்கூடம். 1920ல் ரங்கூன் மாணவர்கள் வெள்ளைக்காரனின் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து வகுப்பைப் புறக்கணித்தார்கள். அப்போது சொந்தமாகத் தேசியப் பள்ளிகள் தொடங்கினார்கள். அவற்றில் பெரிய பேர் எடுத்தது மியோமா பள்ளி. தெருவுக்கு அந்தப் பேர்தான். அதே தெருவில்தான் முதலாம் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் லான்மடாவ் வளாகமும் இருக்கிறது. சாயங்காலம் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் நடந்து போவார்கள். எங்கள் பகுதி அம்மாக்கள் அவர்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! கோயில் தேரைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அந்தக் கோட்டுக்கு வழி, பள்ளி இறுதித் தேர்வு மார்க். எத்தனை பாடத்தில் சிறப்புத் தேர்ச்சி என்பதுதான் இந்த ஊரில் ஒரு பிள்ளையின் பேர், ஊர், விலாசம் எல்லாம். ஆறு பாடத்திலும் வாங்கிய பிள்ளையின் படம் டியூஷன் சென்டர் போர்டில் வருஷம் முழுக்கத் தொங்கும். இங்கே எல்லாம் புரியும்படியாகத்தான் இருக்கிறது. எங்கள் தாத்தாக்கள் மூட்டை தூக்கினார்கள், கடை வைத்தார்கள். 1964ல் கடைகள் அரசுடமையானபோது லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். இருந்தவர்கள் கற்றுக்கொண்ட பாடம், கடையைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்பது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பாடத்தால்தான் நான் மாஸ்டர்ஸ் வரை படித்து, வீட்டில் உட்கார்ந்து சிங்கப்பூர் கம்பெனிக்குக் கோட் எழுதுகிறேன்.

இப்போது வீட்டுக் கதை.

என் அக்கா குடும்பம் எங்களுக்கு இரண்டு மாடி கீழே. அக்கா பொண்ணுக்குப் பதினாலு வயசு, ஒன்பதாவது. பள்ளி வாலிபால் டீமில் லிபரோ. தெரியாதவர்களுக்கு: லிபரோ என்பவர் மற்றவர்களிடமிருந்து வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்று, எதிரணி அடிக்கிற பந்தைத் தரையில் விழாமல் எடுப்பவர். வலைக்கு மேலே எழும்பி அடிக்க அவருக்கு அனுமதி இல்லை. 1998லிருந்து சர்வதேச விதியில் இருக்கிறது. கைதட்டு குறைவு, சிராய்ப்பு அதிகம். ஏழாவது படிக்கும்போது குள்ளமாக இருக்கிறாள் என்று டீமில் எடுக்கவில்லை. எட்டாவதில் ஒரு சயாமா, அதாவது டீச்சர், இவள் தாழ்வாக வரும் பந்தை விடுவதே இல்லை என்று கவனித்துச் சேர்த்துக்கொண்டார்.

இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் டியூஷன் அட்டவணை வந்தது. செவ்வாய், வியாழன் வகுப்பு பயிற்சி நேரத்தில் வந்து மோதியது. அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"பந்தை வெச்சிடு. அடுத்த வருஷம் பிரிவு எடுக்கணும். மார்க் இல்லேன்னா பயாலஜி பக்கம் போக முடியாது."

எங்கள் அம்மா அவள் பங்குக்கு, "தனாக்கா பூசினாலும் வெயில் வெயில்தான். பொம்பளப் புள்ள இப்படிக் கருத்துப் போயி நிக்கிது" என்றாள்.

பொண்ணு எதுவும் எதிர்த்துப் பேசவில்லை. மேலே ஏறி வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். "மாமா, நான் போகலேன்னா டீம்ல வேற லிபரோ இல்ல. அதை மட்டும் அம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அழுகை வந்துரும்."

ராத்திரி அக்காவிடம் பேசினேன். அக்கா சின்ன வயசில் எங்கள் பள்ளியிலேயே வேகமான ஓட்டக்காரி. நூறு மீட்டரில் அவளை யாரும் தொட முடியாது. ஒன்பதாவதில் அப்பா நிறுத்தினார். அதை நான் எடுத்ததும் அவள் சொன்னாள்: "நானும்தான் விட்டேன்டா. எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" சொல்லிவிட்டு அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். ஒரே அரிசியை மூன்று தடவை களைந்தாள். அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

உணர்ச்சியாகப் பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கணக்கு. அதைப் போட்டேன்.

வாரத்துக்கு 168 மணி நேரம். செவ்வாய், வியாழன் ஒன்றரை மணி, சனிக்கிழமை இரண்டு மணி. ஆக மொத்தம் பயிற்சி 5 மணி நேரம். நூற்றுக்கு மூன்று. அந்த மூன்றை வெட்டினால் அது படிப்புக்குத்தான் போகும் என்று யார் சொன்னது? ஒரு வாரம் அவளையே நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னோம். போன் 14 மணி நேரம். பஸ், சைக்கா, காத்திருப்பது எல்லாம் சேர்த்து 9 மணி. வெட்டுவதற்கு இடம் நிறைய இருக்கிறது. ஆனால் நாம் முதலில் கை வைப்பது எப்போதும் மைதானத்தின் மேல்தான், ஏனென்றால் அது மட்டும்தான் அட்டவணையில் பேரோடு இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் ஐந்திலிருந்து பதினேழு வயது வரையான பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிஷம் உடம்பு வேர்க்கிற மாதிரி அசைவு வேண்டும் என்கிறது. வாரத்துக்கு 7 மணி நேரம். இவளுடைய 5 மணியே அதற்குக் குறைவு. அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் பள்ளிக்கூடப் படிக்கட்டு ஏறுவது மட்டும்தான்.

இனி வாசகர்களுக்கு. உங்கள் கடிதங்களில் இன்னொரு வரியும் அடிக்கடி வருகிறது: "அவனுக்குப் பெருசா திறமை இல்லை, டீம்ல எடுக்கல, அப்புறம் எதுக்கு?" இதற்கு ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 1980களில் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் மனைவியோடு ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போனார். நிகழ்ச்சி நிரலில் இருந்த வீரர்களின் பிறந்த தேதியைப் பார்த்து மனைவிதான் முதலில் கவனித்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அள்ளிக் கிடந்தார்கள். காரணம் ஜாதகம் இல்லை. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1ல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவன், அதே பிரிவில் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெரியவன். பத்து வயதில் ஒரு வருஷம் என்பது உயரம், எடை எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம். அவனைத் திறமைசாலி என்று எடுத்துக்கொண்டு, நல்ல கோச்சும் அதிக ஆட்டமும் கொடுத்தால், அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். விட்டுப்போனவன் "எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறான்.

இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பிரிவு செப்டம்பரில் தொடங்கும். உங்கள் பிள்ளை ஜூலை, ஆகஸ்டில் பிறந்திருந்தால், டீமில் எடுக்காததற்குக் காரணம் திறமை இல்லாமல் காலண்டராகக்கூட இருக்கலாம். எங்கள் வீட்டு லிபரோவும் வகுப்பில் கடைசியாகப் பிறந்தவர்களில் ஒருத்திதான். பன்னிரண்டு வயதில் போட்ட தீர்ப்பைப் பதினாறு வரைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

நார்வேயில் நம் ஈழத்து உறவுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்த நாட்டு விளையாட்டு அமைப்பு 1987லேயே பிள்ளைகளுக்கென்று விதி போட்டது. பதினோரு வயது வரை யார் முதல், யார் கடைசி என்று பட்டியல் போடக்கூடாது. தேசிய சாம்பியன்ஷிப் பதின்மூன்றுக்கு மேல்தான். இப்படி வளர்த்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று நினைக்கிறீர்களா? 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் நார்வே 39 பதக்கம் வாங்கியது. 2022ல் தங்கம் மட்டும் 16. மொத்த ஜனத்தொகை ஐம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே உள்ள நாடு. விதி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், பனியும் பணமும் உண்டு. ஆனால் சின்ன வயசில் வடிகட்டாமல் விட்டதால் அவர்களுக்கு எந்த நஷ்டமும் வரவில்லை.

இந்த இடத்தில் குகேஷ் பேரை எடுக்காமல் இருக்க முடியாது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலக சதுரங்க சாம்பியன். அன்று நம் வீடுகளில் எல்லாம் அழாத குறை. ஆனால் அடுத்த வாரமே எத்தனை வீட்டில் செஸ் போர்டு வாங்கி, பிள்ளையைப் பார்த்து "அவனைப் பாரு" என்று சொன்னோம்? நாலாவதோடு அந்தப் பிள்ளை முழுநேரப் பள்ளியை விட்டது, மருத்துவரான அப்பா தன் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூடவே ஊர் ஊராகப் போனது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கோப்பை. அது ஒரு குடும்பம் தெரிந்தே போட்ட பந்தயம். நாம் அந்தப் பந்தயத்தைப் போடவில்லை, போடவும் வேண்டியதில்லை. ஆனால் "குகேஷ் ஆகலேன்னா வேஸ்ட்" என்பதும் கணக்கு இல்லை.

பின்னே எதற்கு விளையாட வேண்டும்? யாழ்ப்பாணத்தைக் கேளுங்கள். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904லிருந்து ஆடும் கிரிக்கெட்டை 'வடக்கின் போர்' என்கிறார்கள். உண்மையான போர் வந்து சில வருஷம் ஆட்டத்தை நிறுத்தியது. நின்றது திரும்பவும் தொடங்கி நூறாவது ஆட்டத்தைத் தாண்டிவிட்டது. அதில் ஆடியவர்களில் டெஸ்ட் வீரர் ஆனவர் எத்தனை பேர் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் ஆட்டம் வருகிற மார்ச்சில் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். வீடும் காணியும் போனவர்களுக்குக்கூட "நான் இந்தப் பள்ளிக்கு ஆடினேன்" என்பது போகவில்லை. படிப்பை யாரும் பிடுங்க முடியாது என்றேன் இல்லையா? இதையும் பிடுங்க முடியாது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். கொரோனாவில் பள்ளி மூடியது, அதற்குப் பிறகு நாட்டு நிலவரம். இந்த வயதுப் பிள்ளைகள் வகுப்பையும் இழந்தார்கள், கூட்டாளிகளையும் இழந்தார்கள். பாடத்தை டியூஷனில் பிடித்துவிடலாம். பக்கத்தில் இருப்பவள் தவறவிட்டால் "பரவாயில்ல, அடுத்தது" என்று கத்துகிற பழக்கத்தை எந்த டியூஷனில் பிடிப்பது?

இங்கே சின்லோன் என்று ஒரு ஆட்டம் உண்டு. பிரம்பில் பின்னிய பந்து, ஆறு பேர் வட்டமாக நின்று காலாலும் முட்டியாலும் தலையாலும் பந்தைக் கீழே விழாமல் தட்டுவார்கள். பாரம்பரிய ஆட்டத்தில் எதிரணியே கிடையாது. 2013ல் நேப்பிடோவில் நடந்த தென்கிழக்கு ஆசியப் போட்டியில் சேர்த்தபோது, மார்க் போட வேண்டுமே என்று அதற்காக விதி எழுத வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டே பழகிய நமக்கு, எதிரணி இல்லாத ஆட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிவதே நல்லது.

சரி, அக்கா என்ன முடிவு எடுத்தாள்? மனசு மாறிக் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. அக்டோபர் வரைக்கும் பார்க்கலாம் என்றாள், மூன்று நிபந்தனையோடு. வியாழன் டியூஷனை ஞாயிறு காலைக்கு மாற்ற வேண்டும், செவ்வாய் வகுப்பைத் தோழியின் நோட்டைப் பார்த்து அன்றைக்கே முடிக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு மேல் போன் அம்மாவிடம். மாதத் தேர்வில் எந்தப் பாடத்திலும் பத்து மார்க்குக்கு மேல் விழக்கூடாது.

முதல் மாதம் அறிவியலில் ஆறு மார்க் குறைந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் காலண்டரில் குறித்து வைத்தாள். இரண்டாம் மாதம் நாலு திரும்பி வந்தது. கணக்கில் மாற்றமே இல்லை. டவுன்ஷிப் அளவில் நடந்த பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்து, இரண்டாவதில் தோற்றார்கள். தோற்ற ஆட்டத்துக்கு அக்கா போயிருந்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அவ பந்துக்கு ஓடுறப்போ முதல் அடி லேட்டா வெக்கிறாடா. நான் சொல்லித் தரேன்." சனிக்கிழமை காலை இரண்டு பேரும் மொட்டை மாடியில் நின்றார்கள். அம்மா மட்டும் இன்னும் தனாக்காவை விடவில்லை.

அக்டோபரில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பத்தாவதில் அக்கா நிறுத்தினாலும் நிறுத்துவாள். ஆனால் இந்தத் தடவை முடிவு எடுக்கும்போது பொண்ணும் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பாள். அப்பா காலத்தில் அக்கா உட்கார்ந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வாரம் நேரக் கணக்கு எழுதுங்கள், பிள்ளையே எழுதட்டும். முழுசாக நிறுத்துவதற்குப் பதில் குறைக்க முடியுமா, வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். மூன்று மாதம் கெடு வையுங்கள், எந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால், நிறுத்தச் சொல்வது மார்க்குக்காகவா, நிறத்துக்காகவா, "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்பதற்காகவா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து காரில் வரும்போது கோச் வேலை பார்க்காதீர்கள். பசிக்கிறதா என்று கேட்டால் போதும். பிள்ளை தானாகவே "போதும்" என்று சொன்னால், அதையும் கேளுங்கள். அது தோல்வி இல்லை.

அப்புறம், கணவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்: உங்கள் இரண்டு பேரில் ஒன்பதாவதில் எதையாவது வைத்துவிட்டு வந்தவர் யார்? என்னவென்று எனக்கு எழுதுங்கள். அடுத்த மாசம் அதைப் பற்றிப் பேசலாம்.